பெட் போடக் கை வரவில்லையா, போட்ட பெட் எடுபடவில்லையா: புதிய போக்கர் ஆட்டக்காரர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

எங்கள் வீட்டு மேசைக்குப் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆட்டம் நோ லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு மறைசீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பெட்டுக்கு உச்சவரம்பு இல்லை. பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் போடும் கட்டாயத் தொகை) 1/2, ஆளுக்கு 200 சிப். சிப்புக்குப் பண மதிப்பு எதுவும் கிடையாது. "தைரியமா ஆடணும், அடிச்சு ஆடணும்" என்று எதையோ பார்த்துவிட்டு வருவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், இல்லையென்றால் மொத்தச் சிப்பையும் விட்டுவிட்டு டீ போடப் போயிருப்பார்கள். கோளாறு என்னவோ அதே ஏழெட்டுதான். அவற்றை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் எளிதாகச் சரியாகிற காரணத்தை முதலில் பாருங்கள். அது இல்லையென்று உறுதியான பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றே. சிப்பைத் தள்ளும் முன் கேளுங்கள்: இந்த பெட்டுக்கு என்னைவிட மோசமான கை (சீட்டுச் சேர்க்கை) கால் செய்யுமா (அதே தொகையைப் போட்டுத் தொடருமா)? அல்லது என்னைவிட நல்ல கை மடியுமா (சீட்டை வைத்துவிட்டு விலகுமா)? இரண்டுக்கும் "இல்லை" என்றால் அந்த பெட் வீண். புதியவர்களிடம் பயம் என்று தெரிவதில் பாதி, இந்தக் கேள்வியைக் கேட்காததால் வரும் தடுமாற்றம்தான். விடை தெரிந்துவிட்டால் கை தானாக நகரும்.

## அறிகுறி 1: ரெய்ஸ் செய்தேன், டீலர் "கால்" என்கிறார்

ரெய்ஸ் என்றால் முன்னால் நிற்கும் பெட்டைவிடத் தொகையை ஏற்றுவது. இதில் தொடங்குகிறேன், ஏனென்றால் ஒரு நிமிடத்தில் சரியாகும். "அண்ணே, நான் ரெய்ஸ்தான் பண்ணேன்" என்று பலர் சண்டைக்கு வருவது இதில்தான்.

பிளைண்ட் 2. நீங்கள் எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு 25 சிப்பைப் போடுகிறீர்கள். விதிப்படி அது கால். 23 மீதி திரும்பி வரும். முன்னால் ஒரு பெட் நிற்கும்போது, வாய் திறக்காமல் போட்ட ஒற்றைப் பெரிய சிப் எப்போதும் கால்தான். இரண்டாவது தவறு, முதலில் கால் அளவுக்குச் சிப்பை வைத்துவிட்டு மறுபடி கையைப் பின்னால் கொண்டுபோய் இன்னும் எடுப்பது. முதல் அசைவு மட்டும்தான் கணக்கில் வரும். "உன் பத்தைக் கால் பண்றேன், மேல இன்னொரு இருபது" என்ற சினிமா வசனத்துக்கும் இதே கதி.

தீர்வு: முதலில் வாய், பிறகு கை. "ரெய்ஸ், பன்னிரண்டு." சொன்ன பிறகு சிப்பை எப்படி வைத்தாலும் பிரச்சினை இல்லை. கை நடுங்குகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கும் இதுவே மருந்து. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: நல்ல சீட்டு வந்தபோதுதான் பலருக்குக் கை நடுங்கும். பழைய ஆட்டக்காரர்கள் நடுக்கத்தைப் பார்த்தால் மடிந்துவிடுவார்கள்.

## அறிகுறி 2: கால், கால், கால். ரெய்ஸ் மட்டும் வரவே வராது

முதலில் பார்க்க வேண்டியது: கை வரிசை. மூணு சீட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இது முக்கியம். அங்கே சீக்வென்ஸ் கலரை அடிக்கும். போக்கரில் தலைகீழ், ஃப்ளஷ் என்கிற கலர், ஸ்ட்ரெய்ட் என்கிற சீக்வென்ஸை அடிக்கும். எதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது, எதைப் பார்த்துப் பயப்படுவது என்பதே தெரியாதபோது தைரியம் எங்கிருந்து வரும்? சோதனை: கைகளின் வரிசையை மேலிருந்து கீழாக, யோசிக்காமல் ஒப்பிக்க முடிகிறதா? முடியவில்லையென்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மேசையில் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வரிசை சரிதான் என்றால்: ரம்மிப் பழக்கம். ரம்மியில் முதல் டிராப் 20 புள்ளி, மிடில் டிராப் 40. அதனால் ரம்மிக்காரர்கள் மோசமான சீட்டைக் கீழே வைக்கத் தயங்குவதில்லை. அது நல்ல குணம். ஆனால் ரம்மியில் எதிராளியின் கையிலிருக்கும் நல்ல சீட்டைக் கீழே வைக்கச் செய்ய உங்களிடம் கருவி எதுவும் கிடையாது. போக்கரில் பெட்தான் அந்தக் கருவி. கால் மட்டும் செய்கிறவர் கடைசியில் நல்ல கையைக் காட்டி மட்டுமே ஜெயிக்கலாம். பெட் செய்கிறவருக்கு எதிராளி மடிவது என்று இன்னொரு வழியும் இருக்கிறது.

தீர்வு: ஒரு மாலை முழுவதும் வெறும் 2 சிப் போட்டு உள்ளே வருவதை உங்களுக்கு நீங்களே தடை செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு முன் யாரும் உள்ளே வரவில்லையென்றால் ரெய்ஸ் அல்லது ஃபோல்ட் (மடிவது), மூன்றாவது வழி கிடையாது. ஒன்பது பேர் மேசையில் முன்னிடத்தில் (முதலில் பேச வேண்டிய இடங்களில்) உட்கார்ந்திருந்தால் 8-8 முதல் மேலே உள்ள ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குவீன், சூட்டடாக (இரண்டும் ஒரே இனமாக) வந்த ஏஸ்-ஜாக், கிங்-குவீன் போதும். பட்டனில் (டீலர் இடம், பொதுச் சீட்டு வந்த பிறகு கடைசியாகப் பேசுவது இங்கேதான்) இருந்தால் எல்லா ஜோடியும், சூட்டடாக வந்த எந்த ஏஸும், இரண்டும் பத்துக்குக் குறையாத சீட்டுகளும், சூட்டடாக 7-6 வரை அடுத்தடுத்த சீட்டுகளும் சேரும். மனப்பாடமாகச் செய்ய வேண்டாம். பட்டனை நெருங்க நெருங்கக் கதவு அகலமாகத் திறக்கிறது என்பது புரிந்தால் சரி.

அப்படியும் வாய் வரவில்லையென்றால்: தொகை. வீட்டுச் சிப்பில் தயங்காமல் ரெய்ஸ் செய்கிறவர், கோவா போய் மாண்டவி ஆற்றுக் கப்பல் கேசினோவில் உட்கார்ந்ததும் ஊமையாகிவிடுகிறார் என்றால் ஆட்டத்தில் குறையில்லை. மேசையில் வைத்த பணம் அவருக்குப் பெரிது. முன்னால் இருப்பது முழுவதும் போனால் இந்த மாதம் ஏதாவது நிற்குமா? நிற்கும் என்றால் அந்த மேசையில் உங்களால் அடித்து ஆட முடியாது. எந்தப் பயிற்சியும் அதைச் சரிசெய்யாது. சின்ன மேசைக்கு மாறுங்கள், அதுவும் இல்லையென்றால் சும்மாச் சிப்புக்குத் திரும்புங்கள். இந்தியாவில் இணையத்தில் பணம் கட்டி ஆடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதைத் தடை செய்கிறது.

## அறிகுறி 3: நல்ல சீட்டு வந்து பெட் போட்டால் எல்லாரும் மடிகிறார்கள்

அளவு. ஏஸ் ஜோடிக்கு 25, சுமார் கைக்கு 6 என்று ரெய்ஸ் செய்கிறீர்களா? அப்படியென்றால் சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு பெட் போடுகிறீர்கள். சோதனை: ஒரு மாலை, ஒவ்வொரு ரெய்ஸின் அளவையும் அப்போதைய சீட்டையும் குறித்து வையுங்கள். இரண்டு வரிசைக்கும் தொடர்பு தெரிந்தால் உங்களுக்கு மட்டுமில்லை, மேசைக்கே தெரிந்திருக்கிறது. தீர்வு: எந்தச் சீட்டுக்கும் ஒரே அளவு. பெரிய பிளைண்டைப்போல மூன்று மடங்கு, முன்னால் வெறுமனே உள்ளே வந்தவர் தலைக்கு ஒரு பிளைண்ட் கூடுதல். 1/2 மேசையில் 6, இரண்டு பேர் உள்ளே வந்திருந்தால் 10.

அளவு ஒரே மாதிரிதான் என்றால்: நீங்கள் ஆடுவதே அபூர்வம். ஒரு மணி நேரம் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திடீரென நிமிர்ந்து உட்கார்ந்து "ரெய்ஸ்" என்றால் யார்தான் உள்ளே வருவார்கள்? பட்டனிலும் அதற்கு முந்தைய இடத்திலும் கதவைக் கொஞ்சம் திறங்கள்.

உடம்பு. ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) விழுந்ததும் கண் சொந்தச் சிப்புக்குப் போகிறதா? சீட்டு பொருந்தியவர்கள் அதைத்தான் செய்வார்கள். ஃப்ளாப்பைப் பார்க்காமல் மற்றவர்கள் ஃப்ளாப்பைப் பார்ப்பதைப் பாருங்கள். ஃப்ளாப் எங்கேயும் ஓடிப் போகாது.

சில சமயம் இதில் பழுதே இல்லை. ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைகளுக்கு ஒருமுறை வருகிறது, வந்தபோது மூன்று சிப்தான் கிடைத்தது என்று புலம்புகிறார்கள். அது நடக்கும். அடுத்த கைக்குப் போங்கள்.

## அறிகுறி 4: ரெய்ஸ் செய்தும் ஐந்து பேர் உள்ளே வருகிறார்கள்

வீட்டு மேசைகளின் தேசிய நோய் இது. அளவு போதவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். 6 போட்டால் எல்லாரும் வருகிற மேசையில் 10 போடுங்கள், 12 போடுங்கள். ஒருவரோ இருவரோ மட்டும் நிற்கும் அளவைக் கண்டுபிடித்து, அன்று இரவு முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அக்கறை என்றால், ஏஸ் ஜோடி ஒரே ஒருவரின் ஏதோ ஒரு கைக்கு எதிரே 85 சதவீதம் ஜெயிக்கும். கடைசிவரை ஐந்து பேர் நின்றால் 50க்கும் கீழே இறங்கிவிடும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக நீங்கள் மிஞ்சியிருக்கலாம், ஆனால் ஐவரில் யாரோ ஒருவர் எங்கேயோ பிடித்துவிடுவார்.

15 வரை ஏற்றியும் ஐந்து பேர் வருகிறார்களா? அப்படியென்றால் மேசை அப்படி. அங்கே பிளஃபை (மோசமான கையோடு மிரட்டிப் போடும் பெட்டை) மறந்துவிடுங்கள். நல்ல கை வந்தால் பெரிதாக பெட், வராவிட்டால் செக் (பெட் போடாமல் விடுவது). அந்த மேசையில் அடித்து ஆடுவது என்றால் இதுதான், சலிப்பாக இருந்தாலும்.

## அறிகுறி 5: பிளஃப் ஒவ்வொன்றும் பிடிபடுகிறது

இதற்குத்தான் அதிகம் பேர் வருகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். போன வாரம் மேசையில் நடந்ததைப் போன்ற ஒரு கையை எடுத்துக்கொள்வோம்.

பட்டனில் நம் ஆள், கையில் ஏஸ்-குவீன். 8க்கு ரெய்ஸ். பெரிய பிளைண்டில் இருப்பவர் மட்டும் கால். பாட்டில் (நடுவில் சேர்ந்த மொத்தச் சிப்பில்) 17. ஃப்ளாப் 9-8-4, மூன்றும் வேறு வேறு இனம். எதிராளி செக், நம் ஆள் 10 பெட், அவர் கால். பாட் 37. டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) இன்னொரு 9. இருவரும் செக். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) 2. எதிராளி செக். நம் ஆள் மூச்சை இழுத்துக்கொண்டு 40 தள்ளுகிறார். எதிராளி தலையைச் சொறிந்துவிட்டு "பார்த்துடலாம்" என்று கால் செய்து 8-7 காட்டுகிறார்.

முதல் சோதனை: கதை நிற்கிறதா? நம் ஆள் கையில் எதைக் காட்ட நினைத்தார்? 9 இருந்திருந்தால், பெரிய ஜோடி இருந்திருந்தால், டர்னில் ஏன் செக்? ரிவரில் வந்த 2 யாருக்கு உதவியது? எதிராளி இவ்வளவு விவரமாக யோசித்திருக்க மாட்டார். ஏதோ இடிக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். அதுவே போதும். பெட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடைசியில் கத்துவது எடுபடாது.

இரண்டாவது: விலை. பாட்டில் பாதி பெட் போட்டால், மூன்றில் ஒருமுறை எதிராளி மடிந்தாலே நட்டமில்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு 40 சதவீதம், முழுப் பாட்டுக்கு 50 சதவீதம் மடிய வேண்டும். நம் ஆள் 37க்கு 40 போட்டார். பாதிக்கும் மேல் மடிந்தாக வேண்டும். 8 ஜோடியோடு ரிவர்வரை வந்துவிட்ட ஒருவர் பாதிக்குப் பாதி மடிவாரா? ஃப்ளாப்பில் போட்ட அந்த 10 நல்ல பெட்தான். ஜோடியில்லாத இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் ஜோடியாவது சேர்வது மூன்றில் ஒருமுறைதான். சேராத மற்ற வேளைகளில் பலர் அந்தச் சின்ன பெட்டுக்கே மடிந்துவிடுவார்கள்.

மூன்றாவது: ஆள். "பார்த்துடலாம்" என்று சொல்கிறவரிடம் பிளஃப் செய்யாதீர்கள். இது பாடம் இல்லை, விதி. அவரிடம் நல்ல கையை வைத்துக்கொண்டு பெரிதாக பெட் செய்யுங்கள், அவர் அதற்கும் கால் செய்வார். மடியத் தெரிந்தவரிடம்தான் பிளஃப் எடுபடும்.

நான்காவது: வெறுங்கை. ஏஸ்-குவீனுக்குப் பதில் அதே ஃப்ளாப்பில் ஜாக்-10 இருந்திருந்தால்? 7 வந்தாலும் குவீன் வந்தாலும் ஸ்ட்ரெய்ட். எட்டுச் சீட்டு, டர்ன், ரிவர் இரண்டும் சேர்த்துக் கிட்டத்தட்ட 31 சதவீதம். இப்போது ஃப்ளாப்பிலும் பெட், டர்னிலும் பெட். அவர் மடிந்தால் லாபம், மடியாவிட்டாலும் சீட்டு வர வாய்ப்பு உண்டு. இதைத்தான் செமி பிளஃப் என்கிறோம். புதியவர்களின் பிளஃப் எல்லாம் இந்த வகையில் மட்டும் இருந்தால் போதும்.

2003 உலகப் போக்கர் தொடரின் இறுதி மேசையில் கிறிஸ் மனிமேக்கர் சாமி ஃபார்ஹாவை மடிய வைத்த கையை எல்லாரும் சொல்வார்கள். மனிமேக்கரிடம் கிங்-7, கடைசியில் ஒன்றுமே சேரவில்லை. 9 ஜோடி வைத்திருந்த ஃபார்ஹா ஆல் இன்னுக்கு (மொத்தச் சிப்பையும் தள்ளிய பெட்டுக்கு) மடிந்தார். அந்த ரிவரை மட்டும் பார்த்துவிட்டு வந்து வெறுங்கையில் ஆல் இன் போடுகிறார்கள். டர்னைப் பாருங்கள். மேசையில் 9, 2, 6, 8. அதில் மூன்று இஸ்பேடு. அவருடைய கிங்கும் இஸ்பேடு, 7 ஸ்ட்ரெய்ட்டுக்கு இரு பக்கமும் திறந்திருந்தது. அவர் பார்வையில் பதினைந்து சீட்டு அவரைக் காப்பாற்றும். அந்த நேரத்திலேயே ரெய்ஸ் செய்து கதையைத் தொடங்கிவிட்டார். ரிவரில் நடந்தது அதன் கடைசி வரி மட்டுமே.

## அறிகுறி 6: ஃப்ளாப்பில் அடிக்கிறேன், டர்னில் கை உறைந்துபோகிறது

காரணம் ஒன்றுதான், டர்ன் வந்த பிறகு யோசிக்கத் தொடங்குவது. ஃப்ளாப் பெட்டைப் போடும்போதே எந்தச் சீட்டு வந்தால் தொடர்வது, எது வந்தால் நிற்பது என்று முடிவு செய்யுங்கள். உங்கள் டிராவை (இன்னும் முழுமையாகாத ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் போன்றதை) பலப்படுத்தும் சீட்டு, அல்லது ரெய்ஸ் செய்த உங்களிடம் இருக்கும் என்று அவர் நம்பக்கூடிய ஏஸ், கிங் வந்தால் மறுபடி அடிக்கலாம். கால் செய்தவரின் ஃப்ளஷையோ ஸ்ட்ரெய்ட்டையோ முடித்து வைக்கும் சீட்டு வந்தால் நிறுத்துங்கள்.

## அறிகுறி 7: நான் பெட் போட, எதிராளி ரெய்ஸ் செய்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை

டர்னிலோ ரிவரிலோ ரெய்ஸ் வந்ததா? சின்ன மேசைகளில், வழக்கமாகக் கால் மட்டும் செய்கிற ஆள் அங்கே ரெய்ஸ் செய்தால் அது பிளஃப் இல்லை. ஒரே ஒரு ஜோடியோடு இருந்தால் மடியுங்கள். அடித்து ஆடுகிறவர் மடியக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டவர்களின் சிப் உடனே நீடிக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

டிராவோடு இருக்கிறீர்களா? கணக்குப் போடுங்கள். டர்னில் பாட் அவருடைய ரெய்ஸையும் சேர்த்து 90, நீங்கள் போட வேண்டியது 30. 120இல் 30, அதாவது 25 சதவீதம் வாய்ப்பு தேவை. ஃப்ளஷுக்கு ஒன்பது சீட்டு, ஒரே சீட்டு பாக்கி என்றால் 20 சதவீதம்கூட முழுசாக இல்லை. ரிவரில் ஃப்ளஷ் வந்தால் அவரிடமிருந்து இன்னும் நிறைய வாங்க முடியும் என்று நம்பினால் மட்டும் கால். இதே டிரா ஃப்ளாப்பில் இருந்து, மேற்கொண்டு பெட் இல்லாமல் இரண்டு சீட்டும் பார்க்கக் கிடைத்தால் 35 சதவீதம். மேசையில் வகுத்தல் வராதவர்களுக்குக் குறுக்கு வழி: உதவும் சீட்டின் எண்ணிக்கையை, ஒரு சீட்டு பாக்கியென்றால் இரண்டால் பெருக்குங்கள், இரண்டு பாக்கியென்றால் நான்கால்.

## அறிகுறி 8: அடித்து ஆடுவது நிற்க மாட்டேன் என்கிறது

மூணு சீட்டில் பிளைண்டாக ஏற்றிப் பழகியவர்களிடம் இது முதல் நாளே தெரியும். அங்கே சீட்டைப் பார்க்காதவர் பார்த்தவர் போடுவதில் பாதி போட்டால் போதும், அதனால் குருட்டடிக்கு ஒரு சலுகை உண்டு. போக்கரில் அந்தச் சலுகை இல்லை. இதைச் சொன்னாலே சிலருக்குச் சரியாகிவிடும்.

ஒரு பெரிய பாட் போன பிறகு மட்டும் இப்படி ஆகிறதா? எழுந்து போங்கள், தண்ணீர் குடியுங்கள், இரண்டு சுற்று வெளியே இருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை 200 போனால் அன்றைக்கு முடிந்தது என்று முன்கூட்டியே யாரிடமாவது சொல்லி வையுங்கள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அந்த நேரத்தில் வேலை செய்யாது.

போனதைப் பிடிக்கக் கடன் வாங்கினீர்களா, வீட்டில் மறைத்தீர்களா, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லையா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் இந்தக் குறிப்பை மூடிவிடுங்கள். இது பெட் அளவில் சரியாகும் கோளாறு இல்லை, மருத்துவரிடம் போக வேண்டியது. இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் இணையப் பழக்கச் சிக்கல்களுக்கென்றே ஷட் என்ற தனிப் பிரிவு இருக்கிறது.

## எதுவும் சரியாகவில்லை, யாரைக் கூப்பிடுவது?

முதலில் ஆடிய கைகளை எழுதிவைக்க ஒரு நோட்டு. செலவு பத்து ரூபாய். அடுத்தது இணையத்தில் கிடைக்கும் இலவச வாய்ப்புக் கணிப்பான். இரண்டு கைகளைக் கொடுத்தால் யார் எத்தனை சதவீதம் என்று சொல்லும். அதற்கடுத்தது உங்களைவிட நன்றாக ஆடும் ஒரு நண்பர்.

பியோசால்வர் போன்ற சால்வர் (சரியான ஆட்டத்தைக் கணக்கிடும்) மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க அவசரப்பட வேண்டாம். குற்றமில்லாமல் ஆடும் எதிராளியை வைத்து அது விடை சொல்லும். உங்கள் மேசையிலோ 8-7ஐ வைத்துக்கொண்டு மாமா ஒருவர் "பார்த்துடலாம்" என்கிறார். கட்டணம் வாங்கும் பயிற்சியாளரும் அப்படித்தான்: 1 முதல் 7 வரை பார்த்து முடித்து, இரண்டு மூன்று மாதம் நோட்டும் எழுதி, அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் இடிக்கிறது என்றால் மட்டும் போங்கள். போகும்போது "எனக்குத் தைரியம் வரலை" என்று போகாதீர்கள். தோற்ற கைகளோடு ஜெயித்தவற்றையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றிலும் யார் எங்கே உட்கார்ந்திருந்தார், யாரிடம் எவ்வளவு சிப் இருந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் பாட் எவ்வளவு, பெட் எவ்வளவு என்பது இருக்க வேண்டும். எதிராளியின் சீட்டைக் கடைசி வரியில் எழுதி மடித்து வையுங்கள். அது முன்னாலேயே தெரிந்துவிட்டால் எந்தப் பயிற்சியாளரும் மேதையாகத்தான் தெரிவார்.